கட்டையும் கம்பியும்

முகூர்த்த நாளில் மதுரை வில்லாபுரத்தின் கல்யாண மண்டபம் ஒன்றுக்குள் நுழைந்தால், ஒரே நாளில் இருவகை இசையைக் கேட்டுவிடலாம். காலையில் நாகசுரமும் தவிலும். மாலை வரவேற்பில் மெல்லிசைக் குழு. மேடையின் ஒரு பக்கம் கிதார், மறுபக்கம் கீபோர்டு. காலையில் நாகசுரக்காரர் தோடி ராகத்தை எடுக்கிறார். அவருடைய காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஊஞ்சலைப் போல மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கிறது. மாலையில் அதே ராகச் சாயலில் ஒரு பாட்டைக் கீபோர்டில் வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கள் எல்லாம் சரியாகவே விழுகின்றன. ஆயினும் ஏதோ ஒன்று குறைகிறது. அதே வரியைக் கிதார் வாங்கிக்கொண்டதும் குறை பாதி நீங்கிவிடுகிறது. இது ஏன்?

இதை இசை ரசிகர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதற்குள் இயற்பியல் இருக்கிறது. இந்தக் கேள்விக்காக நம் நாட்டு வானொலி ஓர் இசைக்கருவியையே முப்பது ஆண்டுகள் விலக்கி வைத்திருந்தது. இந்தக் கேள்விக்கு விடை தேடியே தமிழர்களான ஒரு கிதார்க் கலைஞரும் ஒரு பியானோக் கலைஞரும் சேர்ந்து ஒரு ஜாஸ் இசைத் தட்டை வெளியிட்டிருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். அந்தத் தட்டுக்குப் போகும் முன் கட்டையையும் கம்பியையும் தனித்தனியே பார்த்துவிடுவோம்.

கட்டை என்பது எது?

‘ஒன்றரைக் கட்டை சுருதி’, ‘ஐந்து கட்டையில் பாடுகிறார்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டைதான். வெள்ளைக் கட்டைகளை 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போய், இடையில் வரும் கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை என்கிறோம். ஆர்மோனியத்தைக் கச்சேரி மேடையில் ஏற்காத வித்துவான்களும் தம் சுருதியை ஆர்மோனியக் கணக்கிலேயே சொல்லி வருகிறார்கள் என்பது வேடிக்கைதான்.

கட்டை வைத்த கருவிகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. ஒரு கட்டைக்கு ஓர் அதிர்வெண். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. வில்லாபுரத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் மீனாட்சியம்மன் கோயில். அங்கே ஒரே கல்லில் பல மெல்லிய தண்டுகளாகச் செதுக்கிய இசைத் தூண்கள் இருக்கின்றன. ஒரு தண்டைத் தட்டினால் ஒரு சுரம் எழும். தண்டின் நீளம், பருமன், கல்லின் தன்மை ஆகியவை அந்தச் சுரத்தை என்றென்றைக்குமாக முடிவு செய்துவிட்டன. எத்தனை மென்மையாகத் தட்டினாலும் எத்தனை வேகமாகத் தட்டினாலும் சுரம் மாறாது. (தட்டிப் பார்த்துத் தேய்ந்தவை போதும், நீங்கள் பார்ப்பதோடு நின்றுகொள்ளுங்கள்.) பியானோவும் ஆர்மோனியமும் இந்த வகையில் கல்தூண்களுக்கு உறவினர்களே. அவை மாடிப்படி போன்றவை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவலாம்; இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது. நாகசுரமும் குரலும் சரிவுப் பாதை போன்றவை. எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், வழுக்கலாம், ஆடலாம்.

படிகள் எப்படி அமைக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். கணக்குக்கு எளிதாக இருக்க, நம் ஆதார சட்ஜம் வினாடிக்கு 240 அதிர்வுகள் என்று கொள்வோம். மேல் சட்ஜம் 480. இந்த இரட்டிப்பை 12 சம விகிதங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதாவது ஒவ்வொரு படியும் முந்திய படியைப் போல 1.0595 மடங்கு, 12 முறை பெருக்கினால் 2 வந்துவிடும். இப்போது பஞ்சமத்தைப் பாருங்கள். இயற்கையான பஞ்சமம் சட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு, 360. கட்டையில் கிடைப்பது 359.6. வித்தியாசம் காதுக்குத் தெரியாத அளவு. ஆனால் அந்தர காந்தாரத்துக்கு வாருங்கள். தம்புராவோடு ஒட்டி நிற்கும் இயற்கைக் காந்தாரம் ஒன்றேகால் மடங்கு, 300. கட்டையில் கிடைப்பது 302.4.

இரண்டு அதிர்வு அதிகம், அவ்வளவுதானே என்கிறீர்களா? தம்புராவை மீட்டும்போது 240 மட்டும் ஒலிப்பதில்லை. அதன் மடங்குகளான 480, 720, 960, 1200 ஆகிய மேற்சுரங்களும் கூடவே எழுகின்றன. கட்டைக் காந்தாரத்தின் நான்காம் மடங்கு ஏறத்தாழ 1209.5. தம்புராவின் 1200உம் இந்த 1209.5உம் ஒன்றோடொன்று மோதி, வினாடிக்கு ஒன்பது பத்து முறை ஒலி தடித்தும் மெலிந்தும் துடிக்கும். இயற்பியல் பாடத்தில் ‘விம்மல்கள்’ என்று படித்தீர்களே, அதுவேதான். வித்துவான் முகம் சுளிப்பது இந்த விம்மலைக் கேட்டுத்தான்.

அப்படியானால் சம விகிதப் பிரிவினை ஒரு மடத்தனமா? இல்லை. மேலைநாட்டு இசையில் பல சுரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு முக்கியம். ஒரு பாட்டுக்குள்ளேயே ஆதார சுரமும் இடம் மாறிக்கொண்டிருக்கும். ஒரு சட்ஜத்துக்கென்று இயற்கை விகிதத்தில் படிகளை அமைத்தால், வேறு கட்டையைச் சட்ஜமாக எடுத்ததும் எல்லாம் பிசகிவிடும். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் சிறிது மட்டுமே பிசகட்டும் என்று எல்லாச் சுரங்களுக்கும் பிழையைப் பங்கிட்டுக் கொடுத்த ஏற்பாடு இது. நாணயமான சமரசம் என்றே சொல்ல வேண்டும்.

வானொலியின் தடை

ஆர்மோனியம் பாரிஸில் 1842இல் உரிமம் பெற்ற கருவி. காலால் மிதித்து வாசிக்கும் அதனை, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து வாசிக்கும்படி கல்கத்தாவில் மாற்றியமைத்தார்கள். அதன் பிறகு அது நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் புகுந்து நாடெங்கும் பரவிற்று. நம் மதுரை நாடக சபைகளில் அது இல்லாத ராஜபார்ட்டைக் கற்பனை செய்ய முடியுமா?

ஆனால் எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. கமகம் வராது, சுருதி பிசகும் என்ற இரு குற்றச்சாட்டுகளே முக்கியமானவை. இரவீந்திரநாத் தாகூரும் இதை எதிர்த்தவர்களில் ஒருவர். 1940 மார்ச் மாதத்தில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1970களின் தொடக்கத்தில்தான் தடை தளரத் தொடங்கியது.

குற்றச்சாட்டுகள் இரண்டும் உண்மை என்பதை மேலே கண்ட கணக்கே காட்டுகிறது. ஆயினும் தடை சரியான மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை. மாடிப்படியைப் பார்த்து, ‘நீ ஏன் சறுக்குமரம் போல இல்லை?’ என்று கோபிப்பதில் பொருளில்லை. படியிடம் படிக்குரிய வேலையைக் கொடுக்க வேண்டும். அந்த வேலை எது என்பதை நாம் இனிப் பார்க்கப்போகிறோம். இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கீபோர்டை வைத்துக்கொண்டுதான் சரளிவரிசை பழகுகிறார்கள். ஆகவே இது பழங்கதை அன்று.

வளைகிற கம்பி

கிதாரின் கழுத்தைப் பாருங்கள். அதிலும் படிகள் உண்டு. குறுக்கே பதித்த உலோக மெட்டுகளே அவை. கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், முதல் மெட்டு தலைப்புறத்திலிருந்து 36.4 மில்லிமீட்டரில் இருக்கும். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில். கட்டைக் கருவியின் அதே சம விகிதக் கணக்கு. அப்படியானால் கிதாரும் பிசகிய கருவிதானே?

வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் இருக்கின்றன. அதனால் வீணையில் கமகம் வராது என்று யாராவது சொல்வார்களா? வைணிகர் மெட்டின் மேலேயே கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கிறார். சுரம் மேலே ஏறுகிறது. ஒரே மெட்டிலிருந்து மூன்று சுரம் வரை இழுத்துவிடும் கைகள் உண்டு. கிதாரிலும் இதே உபாயம்தான். மெட்டு என்பது கம்பி நிற்கும் வாசற்படி. அங்கிருந்து எவ்வளவு தூரம் போவது என்பதை விரல் தீர்மானிக்கிறது.

இழுத்தால் ஏன் ஏறுகிறது? கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 17ஆம் நூற்றாண்டில் மெர்சென் கண்ட விதி. சுரம் ஒரு படி ஏற அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். அதற்கு இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். இரண்டு படி ஏற 26 சதவீதம். மின்கிதாரின் மிக மெல்லிய கம்பி கால் மில்லிமீட்டர் பருமன்தான். அதில் ஏற்கெனவே சுமார் 7 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை இருக்கிறது. ஒரு படி ஏற்ற இன்னும் முக்கால் கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டும். கிதார் வாசிப்பவரின் விரல் நுனி காய்த்துப்போவது இதனால்தான்.

கம்பிக்கு ஒரு குறையும் உண்டு. மீட்டிய கணத்திலிருந்து அதன் ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. மரப்பெட்டி வைத்த சாதாரணக் கிதாரில் கம்பியின் ஆற்றலைப் பெட்டி வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுவதால் ஒலி உரத்து எழுந்து விரைவில் அடங்கும். மின்கிதாரின் உடல் திண்மையான மரம். அது காற்றுக்கு அதிகம் கொடுப்பதில்லை. எனவே கம்பி நெடுநேரம் அதிர்கிறது. கம்பியின் அடியில் காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகளும் வைத்திருப்பார்கள். எஃகுக் கம்பி அசையும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பாரடேயின் மின்தூண்டல் விதி! அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறார்கள். கமகம் முடிவதற்குள் ஒலி செத்துப்போகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மின் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டிய உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) பெற்ற வெற்றியின் பின்னணியில் இந்த இயற்பியலும் இருந்தது.

பியானோ கண்ட தந்திரங்கள்

சரி, கட்டைக்காரர் என்ன செய்வார்? இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜாஸ் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உருவான இசை. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு மேடையிலேயே புதிது புதிதாகக் கற்பனை செய்து விரிப்பது அதன் உயிர். நம் மனோதர்மத்தை ஒத்தது. அந்த மக்களின் பாட்டிலும் இரு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும் காந்தாரம் உண்டு. குரலில் எளிதாக வருவதைப் பியானோவில் எப்படிக் கொண்டுவருவது? தெலோனியஸ் மங்க் (1917–1982) என்ற மேதை அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒரே சமயத்தில் அழுத்தி, உடனே ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். இரண்டும் மோதி ஒன்று மட்டும் எஞ்சும்போது, சுரம் வளைந்து வந்து நின்றதுபோலக் காது ஏமாறும். படியில் நின்றுகொண்டே சரிவைக் காட்டும் வித்தை!

இக்காலக் கீபோர்டுகள் பலவற்றில் இடது ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் சுரம் வளையும். நம் கீபோர்டுக் கலைஞர்கள் அதை வைத்துக் கமகம் செய்கிறார்கள். ஆனால் சாதாரணக் கருவிகளில் சக்கரத்தைத் திருப்பினால் அப்போது ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். மேல் சுரம் ஆடும்போது ஆதாரமும் ஆடினால் வீட்டோடு ஊஞ்சல் ஆடுவது போலாகும்.

பியானோவுக்கு இன்னொரு பலம் உண்டு. அதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். பியானோவின் 88 கட்டைகளுக்கும் சேர்த்து 200க்கும் மேற்பட்ட கம்பிகள் உள்ளே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் ஒலியை அடக்கும் கம்பளித் துண்டு படிந்திருக்கும். வலது மிதியை அழுத்தினால் அத்தனை துண்டுகளும் மேலே எழும்பிவிடும். இப்போது ஒரு கட்டையைத் தட்டினால் அதன் கம்பி மட்டும் ஒலிப்பதில்லை. அந்த அதிர்வுக்கும் அதன் மடங்குகளுக்கும் உறவுள்ள கம்பிகள் எல்லாம் தட்டப்படாமலே மெல்ல ஒலிக்கத் தொடங்கும். இது ஒத்ததிர்வு. தட்டிய சுரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ஒலிப் பனி படர்கிறது. தம்புரா செய்கிற வேலைக்கு இது எவ்வளவு நெருக்கம் என்று கவனித்தீர்களா? படிக்குரிய வேலை என்று முன்னே சொன்னேனே, அது இதுதான். வளைவதைக் கம்பியிடம் விட்டுவிட்டு, அது வளைவதற்கேற்ற வெளியைக் கட்டை விரித்துத் தர வேண்டும்.

ஒலிக்குச் சூழல் எங்கிருந்து வருகிறது?

இந்த வேலைப் பங்கீட்டை மேலைநாட்டில் மிக அழகாகக் காட்டிய ஓர் இசைத் தட்டு உண்டு. கிதார் வாசித்தவர் பேட் மெதினி. பியானோவும் சின்தசைசரும் வாசித்தவர் லைல் மேஸ் (1953–2020). ‘ஆஸ் ஃபால்ஸ் விச்சிடா, சோ ஃபால்ஸ் விச்சிடா ஃபால்ஸ்’ என்பது தட்டின் நீண்ட பெயர். 1980 செப்டம்பரில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஒலிப்பதிவாகி, 1981இல் ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், அதாவது 20 நிமிடங்களுக்கு மேல், ஒரே உருப்படி அடைத்துக்கொள்கிறது. இருவருக்கும் துணையாகப் பிரேசில் நாட்டுத் தாளக் கலைஞர் நானா வாஸ்கொன்செலோஸ். அவர் வாசித்த பெரிம்பாவ் என்னும் கருவி ஒற்றைக் கம்பி பூட்டிய வில், கீழே சுரைக்குடுக்கை. வில்லும் குடமும் வைத்துப் பாடும் நம் தென்பாண்டி வில்லுப்பாட்டுக்குத் தூரத்து உறவு போலிருக்கிறது.

அந்த நீண்ட உருப்படியைக் கேட்பவர்கள், பரந்த வெளியில் தூரத்தில் ஏதோ நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். வாசித்தது மூன்று பேர், அதுவும் அறைக்குள். வெளி எங்கிருந்து வந்தது?

இரண்டு இடங்களிலிருந்து. முதலாவது, ஒலியின் தொடக்கம். பியானோச் சுத்தியல் கம்பியில் பட்டதும் ஒலி சட்டென்று எழுகிறது. ‘இதோ, பக்கத்தில்’ என்று காது புரிந்துகொள்கிறது. சின்தசைசரில் மின்சுற்று அலைகளை உண்டாக்குகிறது. ஒலி எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதை வாசிப்பவரே அமைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு வினாடி எடுத்துக்கொண்டு மெல்ல எழும் ஒலிக்குத் தொடக்கம் இல்லை. எங்கே பிறந்தது என்று காதுக்கு அடையாளம் கிடைக்காததால் அது எங்கும் நிறைந்திருப்பதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, ஒலியின் முடிவு. திருமலை நாயக்கர் மகாலின் பெரிய கூடத்தில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். கைதட்டல் உடனே அடங்காது. உயர்ந்த தூண்களிலும் வளைந்த கூரையிலும் பட்டுப் பட்டுத் திரும்பித் தேய்ந்து மறையும். இது எதிர்முழக்கம். மதுரை வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஏழு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 14 மீட்டர் பயணம் செய்து வினாடியின் 25இல் ஒரு பங்கு நேரத்தில் வந்து சேரும். இவ்வளவு குறுகிய தாமதத்தைக் காது தனி எதிரொலியாகக் கேட்பதில்லை. ‘ஒலி அகலமாக இருக்கிறது’ என்று மட்டும் உணர்கிறது. பதினேழு பதினெட்டு மீட்டருக்கு அப்பால் உள்ள சுவரானால், வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து, தனி எதிரொலி கேட்கும். கண்ணை மூடிக்கொண்டே ஒரு கூடத்தின் அளவைக் காது கணித்துவிடுவது இந்தத் தாமதங்களை வைத்துத்தான்.

ஒலிப்பதிவாளரும் கலைஞரும் இதே தாமதங்களை மின்கருவிகளால் உண்டாக்கிவிட்டால் சுவர் இல்லாமலே கூடம் கிடைத்துவிடும். மெதினி தன் கிதார் ஒலியைச் சிறிது தாமதித்து, தாமதித்த ஒலியைத் தனி ஒலிபெருக்கிகளின் வழியாகவும் ஒலிக்கச் செய்வதற்குப் பெயர் பெற்றவர். ஒரே கிதார், பக்கங்களில் அதன் நிழல்கள். அதனால்தான் அவர் கம்பியின் ஒலி தேய்ந்துபோவதாகத் தெரியாமல் தொலைவுக்கு நகர்ந்துபோவதாகத் தெரிகிறது.

இத்தனை மின் உபாயங்களும் ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்ளும் உருப்படி ஒன்றும் அதே தட்டில் இருக்கிறது. ‘செப்டம்பர் பதினைந்து’ என்பது அதன் பெயர். 1980ஆம் ஆண்டு அதே நாளில் மறைந்த பியானோக் கலைஞர் பில் எவன்ஸுக்கு அஞ்சலி. பெரும்பாலும் கிதாரும் பியானோவும் மட்டும் பேசிக்கொள்கின்றன. என்னைக் கேட்டால், தட்டை வாங்கியதற்கு இது ஒன்றே போதும் என்பேன்.

தீர்த்தா

மெதினியும் மேஸும் வாசித்த இசையில் கிதாரும் சம விகிதப் படிகளை விட்டு அதிகம் விலகுவதில்லை. கிதார் நம் கமகங்களோடு பேசினால் பியானோ என்ன செய்யும்? இங்கேதான் நான் முன்பே குறிப்பிட்ட தமிழர்களின் தட்டு வருகிறது. ‘தீர்த்தா’ என்பது அதன் பெயர். 2011இல் ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் வெளியிட்டது.

பியானோக் கலைஞர் விஜய் அய்யர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். இயற்பியல் ஆராய்ச்சிக்கென்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர், இசையை எப்படி உணர்கிறோம் என்ற ஆராய்ச்சிக்குத் திரும்பி, 1998இல் டாக்டர் பட்டம் பெற்றார். மங்கைத் தம் முன்னோடிகளில் ஒருவராகக் கருதுபவர். கிதார்க் கலைஞர் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்றவர். (இரு பெர்க்லிகளும் காதுக்கு ஒன்றுபோல ஒலித்தாலும் வேறு வேறு, இது பாஸ்டன் நகரில் உள்ளது.) கர்நாடகக் கச்சேரிகளையே மின்கிதாரில் வாசித்து வருபவர். இருவரோடும் தபலாவில் நிதின் மிட்டா. இந்திய விடுதலையின் 60ஆம் ஆண்டையொட்டி 2007இல் நடந்த ஒரு நிகழ்ச்சிக்காக மூவரும் முதலில் ஒன்று சேர்ந்தார்கள்.

ஜாஸ் குழுவில் வழக்கமாக இருக்கும் மந்தர ஒலிக் கருவியும் இல்லை. மேலைநாட்டு டிரம்ஸும் இல்லை. அடித்தளத்தையும் பியானோவின் இடது கையே பார்த்துக்கொள்ள வேண்டும். கமகத்தோடு ஆடும் கிதாரின் அருகே பியானோ ஒரு காந்தாரத்தை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஆடுகிற சுரமும் அசையாத சுரமும் மோதி விம்மல்கள் எழும். சட்ஜமும் பஞ்சமமும் அப்படியல்ல. கட்டையிலும் அவை ஏறக்குறைய சுத்தமாகவே கிடைக்கின்றன என்பதைக் கணக்கில் கண்டோம். ஆகவே இத்தகைய கூட்டணியில் பியானோ தன் காந்தாரத்தை அளவோடு வைத்துக்கொண்டு, சட்ஜ பஞ்சமங்களை விரித்து, மிதியால் நீட்டி, திரும்பத் திரும்பச் சுழலும் சிறு கோவைகளைக் கொடுத்தால், கிதார் நடுவில் உலவ வழி கிடைக்கிறது. சில இடங்களில் மோதலையே சுவையாகக் கொள்வதும் உண்டு. ஜாஸ் காது அதற்குப் பழகிய காது.

தபலாவைத் தேர்ந்ததிலும் ஓர் அறிவியல் பொருத்தம் இருக்கிறது. சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று முழு எண்ணில் அடங்காமல் இருக்கும். அதனால்தான் தப்பட்டை போன்றவற்றில் சுருதி திட்டமாகத் தெரிவதில்லை. தபலாவிலும் மிருதங்கத்தின் வலந்தலையிலும் நடுவே கரிய பூச்சு ஒன்று உண்டு. அந்தப் பூச்சின் கனம் மேற்சுரங்களை இழுத்து 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தோல் கருவி கம்பிக் கருவியைப்போலச் சுருதியோடு ஒலிக்கிறது. இதைக் கண்டு சொன்னவர் நம் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கும் கோடுகளைக் கொண்டு பின்னர் மேலும் விளக்கினார். நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒளிச்சிதறல் ஆய்வுக்கு முன்பே அவர் காது இப்படி வேலை செய்துகொண்டிருந்தது.

தாளத்திலும் கட்டை, கம்பி என்ற வேற்றுமை உண்டு. தானியங்கித் தாளப்பெட்டி வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும் பிசகாமல் தட்டும். மனிதக் கை அப்படித் தட்டுவதில்லை. ஆயிரத்தில் சில பத்துப் பங்குகள் முந்தியோ பிந்தியோ விழும். இந்த நுண்ணிய விலகல்கள் பிழையல்ல, வாசிப்பவரின் உடலசைவு இசைக்குள் பதிந்த தடம் என்பது விஜய் அய்யரின் ஆராய்ச்சியில் ஒரு முக்கியக் கருத்து. சுரத்தில் கமகம் எப்படியோ, காலத்தில் இது அப்படி. கட்டைக்காரரால் சுரத்தை வளைக்க முடியாது. ஆனால் காலத்தை வளைக்கலாம். அதில் கிதாருக்கும் பியானோவுக்கும் வேறுபாடு இல்லை.

செய்து பாருங்கள்

கிதார் கிடைத்தால் ஒரு சோதனை. சுருதி சேர்த்த கிதாரின் ஐந்தாம் கம்பியின் நடுவில், சிறு காகிதத் துண்டை மடித்துக் குதிரைச் சேணம்போல ஏற்றி வையுங்கள். பருமனான ஆறாம் கம்பியை ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ஐந்தாம் கம்பியைத் தொடாமலே காகிதம் நடுங்கும்; பலமாக மீட்டினால் துள்ளி விழும். இனி ஆறாம் கம்பியை நான்காவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். காகிதம் ஏறக்குறையச் சும்மா இருக்கும். பியானோவின் மிதிக்குள் நடப்பதை இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்.

‘தீர்த்தா’வைக் கேட்க முனைந்தால் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பியானோவின் இடது கை முக்கால்வாசி காணாமல் போய்விடும். காதில் மாட்டும் கருவியோடு, இரவில் தெரு அடங்கிய பிறகு கேளுங்கள். முதல் முறை கிதாரை மட்டும் தொடருங்கள். எங்கெங்கே சுரம் மெட்டை விட்டு நழுவுகிறது என்று பாருங்கள். இரண்டாம் முறை பியானோவை மட்டும். தட்டில் ‘என்ட்ரோபியும் காலமும்’ என்று பொருள்படும் பெயருடைய உருப்படி ஒன்று இருக்கிறது. மீட்டிய கம்பியின் ஆற்றல் காற்றிலும் மரத்திலும் சிதறி வெப்பமாகிப் போவதும், போனது திரும்பாததும் அந்தப் பெயருக்குள் அடக்கம். அதைக் கேட்கும்போது கிதாரின் சுரம் தேய்ந்து மறைகிற இடத்தில் பியானோ என்ன செய்கிறது என்று கவனித்து வையுங்கள்.